வானம் பார்த்த மண்ணின் கடல்வாயில்

தனுக்கோடி என்னும் ஊர்ப்பெயரில் முற்பாதி வடசொல், பிற்பாதி தமிழ். தனு என்பது வில். கோடி என்பது கடைமுனை. தெருக்கோடி, கடைக்கோடி என்று நாம் நாள்தோறும் வழங்கும் அதே கோடி. வில்லுக்குச் செந்தமிழில் சிலை என்றும் பெயருண்டு. மார்கழித் திங்களுக்குத் தூயதமிழ் அன்பர்கள் வழங்கும் பெயரும் சிலையே. அவ்வூரைக் கடல் கொண்டதும் ஒரு சிலைத் திங்களில்தான். கி.பி. 1964, அஃதாவது திருவள்ளுவராண்டு 1995, திசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையே, தொடர்வண்டி நிலையமும் துறைமுகமும் அஞ்சலகமும் பள்ளியும் மருத்துவமனையும் கடைத்தெருவும் கொண்டு விளங்கிய ஓர் ஊர் இடிசுவர்களாய் எஞ்சியது.

இன்று அங்குச் செல்வோர்க்கு இரண்டு செய்திகள் சொல்லப்படுகின்றன. வில்லின் நுனியால் அணை உடைக்கப்பட்ட தொன்மக் கதை ஒன்று. பேய்கள் உலவும் ஊர் என்னும் வேடிக்கைப் பேச்சு மற்றொன்று. முன்னதைச் சொல்லிக் கடலாடச் செய்கின்றனர்; பின்னதைச் சொல்லி ஊர்தியில் ஏற்றுகின்றனர். நம்புவோர் நம்பட்டும், நீராடுவோர் நீராடட்டும், அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆயின் மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு. அது நம்முடையது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, முதுகுளத்தூர் என விரியும் வானம் பார்த்த நிலத்து மக்கள், பிழைப்புத் தேடி ஈழத்து மலைநாட்டுக்குக் கடந்து சென்ற வாயில் அது. அச்செய்தியை அங்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனை நாமே எழுதி வைக்காவிட்டால், கடல் விட்டுவைத்ததையும் நம் மறதி கொண்டுவிடும்.

வாயில் அமைந்த வகை

நம் நிலத்தின் இயல்பை இவ்விதழைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணலாம். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கம்பும் சோளமும் குதிரைவாலியும். அதுவும் பொய்த்தால் ஊரைவிட்டுப் பெயர்தல். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்திற்கு முன்னும் பின்னும், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளின் உழைப்பாளிகள் இலங்கை மலைத்தோட்டங்களுக்குத் திரள்திரளாகப் போயினர். முதலிற் காப்பித் தோட்டம். காப்பிச்செடி இலைநோயால் பட்டபின் தேயிலைத் தோட்டம்.

அவர்களை அழைத்துச் சென்றவன் கங்காணி. கண்காணி என்னும் நல்ல தமிழ்ச்சொல் அவ்வாறு திரிந்தது. கண்ணுங் கருத்துமாய்க் காப்பவன் என்று பொருள்பட வேண்டிய சொல், முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைப்பவனுக்குப் பெயராயிற்று. தொழிலாளியின் கடன்தொகையைத் தாளில் எழுதி, அதனைத் தீர்க்கும் மற்றொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றிவிடும் முறைக்குத் 'துண்டு' என்று பெயர். 1921இல் சட்டத்தால் நீக்கப்படும்வரை அத்துண்டுச்சீட்டே எத்தனையோ குடும்பங்களின் விலைச்சீட்டாக இருந்தது. தமிழின் இரண்டு எளிய சொற்கள் அடிமைத்தனத்தின் கலைச்சொற்களாகி ஆங்கிலேயர் ஆவணங்களில் ஏறிய வரலாறு இது. சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர் இதனையும் ஆராய்தல் வேண்டும்.

தொடக்கத்தில் அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பன்னாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது, தூத்துக்குடி பெருவாயிலாயிற்று. அத்துறைக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கப்பலுக்கு எதிராகத் தமிழர் கப்பலை ஓட்டிக்காட்டவே வ.உ. சிதம்பரனார் 1906இல் கப்பற் குழுமம் கண்டார்.

பின்னர் 1914ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதனோடு புதிய வாயிலும் திறந்தது. 'போட் மெயில்' என்று மக்கள் வழங்கிய வண்டி சென்னை எழும்பூரில் புறப்பட்டுத் தனுக்கோடித் துறைவரை வரும். அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறத்தாழ 30 கி.மீ. கடலைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறையை அடையும். அங்கே கொழும்பு செல்லும் வண்டி காத்து நிற்கும். பிற்காலத்தில் அவ்வழியில் ஓடிய கப்பல்கள் இரண்டனுக்கு இர்வின், கோசன் என்று பெயர். ஒருவர் இந்தியாவை ஆண்ட வெள்ளைத் தலைவர். மற்றவர் சென்னை மாநில ஆளுநர். கப்பலுக்குப் பெயர் தந்தவர்களை நூல்கள் பதிந்துவைத்துள்ளன. கப்பலின் அடித்தட்டில் மூட்டையும் முடிச்சுமாய்க் குந்தியிருந்தவர்களின் பெயர்களை எந்நூல் பதிந்தது?

அவர்கள் நேரே கப்பலேறிவிடவும் இயலாது. தீவுக்கு இப்பாலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு அமைத்த முகாமில் அடைத்து, நோயில்லை என்று தேர்ந்த பிறகே பாலங் கடக்க விடுவர். மண்டபம் முகாம் என்னும் பெயர் அன்று தொடங்கி இன்றுவரை நம் மக்களின் துன்பத்தோடு ஒட்டியே வருகிறது. 1939இல் அன்றைய இந்திய அரசு தோட்டக்கூலிகளின் செலவைத் தடை செய்யும்வரை இவ்வோட்டம் நிற்கவில்லை.

கரைவழி நடை

சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தனுக்கோடி சென்றேன். முகுந்தராயர் சத்திரத்தில் பேருந்தை விட்டிறங்கி, ஊர்திகள் விரையும் புதுச்சாலையை விடுத்துக் கரைவழியே நடந்தோம். வடக்கே பாக்கு நீரிணை; தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். பெண்கடல் அமைதியானது, ஆண்கடல் சீறுவது என்பது பெயர்க்குறிப்பு. நாங்கள் சென்றதோ வாடைக்காலம். பெண்கடல் கலங்கிக் கரையை அறைந்துகொண்டிருக்க, ஆண்கடல் குளம்போற் கிடந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மாணவரைப் பார்த்து, "வாடைக்கு அது துள்ளும் தம்பி, சோழகத்துக்கு இது துள்ளும், ரெண்டும் சேந்து துள்ளுனா ஊரு இருக்காது" என்றார். பாடநூலில் இரண்டு பக்கம் படித்தும் விளங்காத பருவக்காற்று அவர்களுக்கு அவ்வொரு தொடரில் விளங்கிற்று.

வளைவுவளைவாய் நிற்கும் தொடர்வண்டி நிலையச் சுவர்கள், நீர்த்தொட்டியின் எச்சம், கூரையற்ற கிறித்தவக் கோயில், அஞ்சலகத்தின் சுவர் என ஒவ்வொன்றாய்க் கண்டோம். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியவை அவை. கைபட்டால் உதிர்கின்றன. உப்புக்காற்றுக்கு ஈடுகொடுத்து அறுபதாண்டு நின்ற கல்லின்மேல் ஏறிநின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்வோரையும், பெயர் கிறுக்குவோரையும் கண்டோம். கப்பல் அணைந்த துறையின் உருவத்தையோ எங்களாற் காண இயலவில்லை. மணலும் நீரும் அதனைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன.

இவ்வூரை மக்கள் வாழத் தகாதது என்று அரசு அறிவித்தது அக்கடல்கோளுக்குப் பின். ஆயினும் மீனவர் குடும்பங்கள் ஓலைக்குடிலமைத்து அங்கேயே வாழ்ந்து வருகின்றன. கரையோர மணலைக் கையால் தோண்டினால் நன்னீர் ஊறுகிறது. நூறடி தோண்டியும் உவர்நீர் கண்ட ஊர்களிலிருந்து சென்ற மாணவர்கள் அதனைக் குடித்துப் பார்த்து வியந்தனர்.

நிலையச் சுவரின் நிழலில் அமர்ந்து, இவ்வழியாக யார் யார் சென்றனர் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்க அப்பத்தாவோட பெரியம்மா கண்டிச்சீமைக்குப் போனவங்கதான். திரும்பி வரவே இல்லைன்னு சொல்வாங்க. அவங்களும் இந்த வழியாத்தான் போயிருப்பாங்களா?" என்றாள். பெரும்பாலும் இவ்வழியாகத்தான் இருக்கும் என்றேன். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வேறு மூன்று மாணவர்களும் தத்தம் வீட்டில் அவ்வாறு போனவர் உண்டு என்றனர். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை.

குறுநில மன்னரின் கொடிவழியைப் பத்துத் தலைமுறைக்கு ஒப்புவிக்கின்ற நம் பிள்ளைகளுக்குத் தம் சொந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன் கடல்கடந்து போன பெண்ணின் பெயர் தெரியவில்லை. இது பிள்ளைகளின் குறையன்று. வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை, அவர் கடைசியாகத் தமிழ்நாட்டு மண்ணை மிதித்த இடத்திலும் சொல்லவில்லை.

கடல் மட்டுமா கொண்டது?

தனுக்கோடியைக் கடல் அழித்தது என்பது உண்மை. அவ்விரவில் பாம்பனிலிருந்து 11.55 மணிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் வண்டி, தனுக்கோடி நிலையத்தை நெருங்கும் வேளையில் கடலலையில் அமிழ்ந்தது. அதிலிருந்த செலவினர் 110 பேரும் பணியாளர் ஐவரும் மாண்டனர். அப்புயல் ஈழத்தின் வடபுலத்தையும் தாக்கிற்று. அங்கும் தமிழர் மாண்டனர். இரு கரையும் சேர்ந்து ஓரிரவில் அழுத நாள் அது.

ஆயின் வாயிலை மூடியது கடல் மட்டுமன்று. அப்புயலுக்கு முன், எட்டுக் கிழமைகளுக்குள், அதே 1964ஆம் ஆண்டு அக்தோபர் 30ஆம் நாள் புதுதில்லியில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிரீமாவோ–சாத்திரி உடன்படிக்கை என்பது அதன் பெயர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை அரசு மலையகத் தமிழர் ஏழு இலக்கம் பேரை நாடற்றோராக்கியிருந்தது. அக்கொடுமையை எதிர்த்தே தந்தை செல்வா தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைக் கண்டார். நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டுக்கொண்டன. மலையகத் தலைவர்களைக் கலந்து பேசவில்லை. பண்டம் பகுப்பதுபோல் மக்களைப் பகுத்தனர். அவ்வாறு பகுக்கப்பட்டோர் இராமேச்சுரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் வந்திறங்கினர். 1983ஆம் ஆண்டுப் படுகொலைக்குப் பின், 1984இல் அக்கப்பலும் நின்றது. வழி மூன்று முறை அறுந்தது. அவற்றுள் கடல் அறுத்தது ஒரு முறைதான்.

இன்னொன்றும் எண்ணுக. அதே புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் 126 அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் சிறீதரன் தலைமையில் தொழிலாளர்கள் 46 நாளில் அதனை மீட்டமைத்தனர். பாராட்டத்தக்க வினை. வேண்டும் என்று கருதியதை 46 நாளில் மீட்க முடிந்தது என்பதே அதன் பாடம். அப்பாலமும் முதுமையுற்று 2022இல் தொடர்வண்டிக்கு மூடப்பட்டது. 2025 ஏப்பிரலில் புதுப்பாலம் திறக்கப்பட்டது. மறுகரையில் உள்நாட்டுப் போரால் 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதையும் 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் ஊருக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு 1963இல் வந்த இருப்புப்பாதை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையை எட்டியது 1964இல்தான். மானாமதுரையில் வண்டி மாறினால் தனுக்கோடித் துறை. பல தலைமுறையாய்க் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்று தொடர்வண்டியைப் பிடித்த மக்களுக்கு, வீட்டு வாயிலிலேயே வண்டி வந்து நின்ற அவ்வாண்டு முடியுமுன் கடல்வாயில் அடைபட்டது. போவதற்கு வழியில்லாத நாளிலெல்லாம் போகவேண்டியிருந்தது. வழி வந்த ஆண்டில் வாயில் இல்லை.

இடர்ப்பாட்டுக்கு விடை

'இடிந்த துறைமுகத்தை மீளக் கட்டச் சொல்கிறீரா?' என்று வினவுவோர் உண்டு. இல்லை. அங்கு மணல் இடம்பெயர்கிறது, கரை தேய்கிறது, அருகே கடல்வாழ் உயிர்களின் காப்பகம் இருக்கிறது. இராமேச்சுரத்திலிருந்து தனுக்கோடிக்கு மீண்டும் இருப்புப்பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டினர், வண்டி ஓடவில்லை. அது ஓடினும் ஓடாதொழியினும் நம் வேண்டுகை வேறு.

'பழந்துன்பத்தைக் கிளறுவதால் என்ன பயன்?' என்போரும் உளர். அது பழந்துன்பமாகியிருந்தால் நாமும் விட்டுவிடலாம். 2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளியல் நொறுங்கியபோது, கைக்குழந்தைகளோடு படகேறி வந்த தமிழர்கள் இறங்கியது அரிச்சல்முனை மணலில்தான். அவர்களைக் கொண்டுசென்று வைத்த இடம் அதே மண்டபம் முகாம்தான். நூறாண்டுக்கு முன் போனவர்களை அடைத்துவைத்த இடத்தில், வந்தவர்களைத் தங்கவைத்தனர். வாயில் மூடியதே ஒழிய வழி நிற்கவில்லை. வரலாறு தெரியாதவர்களுக்கு அவர்கள் யாரோ அயலார். தெரிந்தவர்களுக்கு அவர்கள் போனவர்களின் பேரப்பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும்.

2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு தனுக்கோடிக் கழிவெளியைப் பூநாரைகளின் புகலிடமாக அறிவித்தது. மிக நன்று. எங்கிருந்தோ வந்து போகும் பறவைக்கு வரும் வழியும் தங்கும் காலமும் ஆராய்ந்து எழுதப்படுகின்றன. அதன் காலில் வளையமிட்டும் அறிஞர்கள் அதன் செலவைத் தொடர்கின்றனர். அதே கரையைக் கடந்துபோன மாந்தருக்கும் அவ்வளவு பரிவு வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

செய்யத்தக்கவை

அரசு செய்யவேண்டியவை மூன்று. எஞ்சிய சுவர்களைப் புதுப்பூச்சுப் பூசிக் கெடுக்காமல், மேலும் உதிராதவாறு காத்தல் வேண்டும். மலையகம் சென்ற உழைப்பாளிகளின் வரலாற்றையும், 1964ஆம் ஆண்டு மாண்டவர்களுள் அறியவந்த பெயர்களையும் நல்ல தமிழில் கல்லிற் பொறித்து அங்கே நிறுத்தல் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேயன்துறைக்கு 2023இல் மீண்டும் கப்பல் விடப்பட்டதுபோல், இராமேச்சுரத்திலிருந்து தலைமன்னாருக்கும் விடுதல் வேண்டும். இம்மூன்றனுள் முன்னிரண்டுக்குப் பெருஞ்செலவில்லை. பிறநாட்டு ஒப்புதலும் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

அரசு செய்யுமட்டும் காத்திருக்கவேண்டாத பணி ஒன்று நம் கையில் உள்ளது. நம் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரிலும் எண்பதைக் கடந்த முதியோர் சிலரேனும் இருப்பர். கண்டிச்சீமைக்குப் போனவர் யார், எவ்வாண்டு போனார், எந்தத் தோட்டம், உடன் போனவர் யார், திரும்பியவர் யார், கடிதம் வந்ததா என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரங்குப்பெட்டியின் அடியில் பழைய கடிதமோ பணவிடைத்தாளோ கடவுச்சீட்டோ கிடந்தால் படியெடுத்து வையுங்கள். ஆசிரியர்களாயிருப்போர் இதனை மாணவர்க்கு விடுமுறைப் பணியாகக் கொடுங்கள். வேற்றுமொழிச் சொல்லைக் களைந்து நற்றமிழ்ச் சொல்லை நடுவதற்கு நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியை, நம் மக்களின் பெயர்களைத் தேடுவதில் காட்டினால் ஓராண்டில் ஊருக்கொரு பெயர்ப்பட்டியல் உருவாகும்.

அப்பெரியோர் இருக்கும்வரைதான் இப்பணிக்குக் காலம் உண்டு. வரும் பொங்கலுக்குள் தத்தம் ஊரில் குறைந்தது பத்துப் பெயர்களையேனும் எழுதி முடிக்க அன்பர்கள் உறுதி கொள்க.